வலப்பக்கம் யாருமில்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வரும்போது சாப்பாட்டு மேசைமேல் ஒரு படம் கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் தாயும் மகளும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று காலையும் அதே மேசை, அதே படம். பேச்சு மட்டும் தொடங்கிவிட்டது. தொடங்காமலே இருந்திருக்கலாம்.

படத்தை வரைந்தவர் அந்த வீட்டின் தலைவர். நகரசபை அலுவலகத்தில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல். அர்த்தமில்லாமல் ஒரு கோடு இழுத்தவர் இல்லை. விட்டுவிட்டுப் போகிற கோடு என்றால் மண்ணுக்குள் குழாய். வட்டத்துக்குள் பெருக்கல் குறி என்றால் ஆள் இறங்கும் குழியின் மூடி. கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கடைக்குப் போக வழி போட்டுக் கொடுத்தபோதுகூட, ஓரத்தில் வடக்கு எது என்று அம்பு போட்டுக் கொடுத்த மனிதர்.

அந்த மனிதரைப் பக்கவாதம் தூக்கிப் போட்டுவிட்டது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. அத்தனை பேச்சிலும் ஒரே ஒரு சொல் மட்டும், எப்படியோ கரை ஒதுங்கிய மாதிரி, மிச்சமிருந்தது.

"நாளைக்கு."

பசிக்குதா என்றால் நாளைக்கு. வலிக்குதா என்றால் நாளைக்கு. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், வேறு எந்தச் சொல் வாயில் தங்கும் என்று முதல் நாள் தம்பிக்காரன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாராலும் சிரிக்க முடியவில்லை.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஊருக்கே சொல்கிறவள். அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் தெரியாதவர் கிடையாது. காய்கறி வாங்கும்போது வாயைத் திறந்தால் போதும், "அட, நீங்களா!" என்பார்கள். குரலம்மா என்பதே அவள் பெயராகிப் போயிற்று.

மகள் பொடி. பிறந்தபோது கையகலம் இருந்தாள் என்று வைத்த பெயர். இப்போது அப்பாவைவிட அரை அடி உயரம், கப்பல் இன்ஜினியர் படிப்பு, கையில் முதல் வேலைக்கான அழைப்பு. அடுத்த வாரம் சரக்குக் கப்பலில் ஏற வேண்டும். ஏறுவதா இல்லையா என்று இன்று சொல்லியாக வேண்டும்.

இந்த நேரத்தில்தான், பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில், "சும்மா மனசுல வர்றதை வரைங்க சார்" என்று அவருடைய இடது கையில் பென்சிலைக் கொடுத்தார்கள். அவர் இதை வரைந்தார்.

தண்ணீரின் மேல் ஒரு வீடு. கொக்கு நிற்கிற மாதிரி நெட்டைக் கால்களில் நிற்கிறது. வாசலிலிருந்து படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கடைசிப் படியில், தண்ணீருக்கடியில், ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. கூரையின்மேல் ஒரு பெண் நிற்கிறாள். கூந்தல் கீழே விழாமல் பாசி போல மேலே மிதக்கிறது. அவள் இடுப்பிலிருந்து ஒரு நூல் வலப்பக்கமாகப் போய், தாளின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. வானத்தில் புனல் மாதிரி ஏதோ ஒன்று வாயைக் கவிழ்த்துக்கொண்டு தொங்குகிறது.

எல்லாமே தாளின் இடது பாதியில். வலது பாதி வெறும் வெள்ளை.

"இதுல புரியாம என்னம்மா இருக்கு?" என்றாள் பொடி. "தண்ணின்னா கடல். கூரைமேல நிக்கறது நான். இடுப்புல நூலைக் கட்டியிருக்கார். போகாதேங்கறார்."

"நூல் எதுலயும் கட்டலையேடி. பாதியில நிக்குது."

"அவ்வளவு தூரம்தான் நான் போலாம்னு அர்த்தம். அந்தப் பக்கம் பூரா வெள்ளையா விட்டிருக்கார் பாரு. நான் இல்லாத வாழ்க்கையை அவரால வரையக்கூட முடியல."

குரலம்மா ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கொடுக்க. தட்டைக் கொண்டு வைத்தால் எப்போதும் பாதியைத்தான் சாப்பிடுகிறார். மீதி அப்படியே கிடக்கும். தன் கைச் சமையல் கசந்துபோயிற்றா என்று கேட்கவும் கேட்டுவிட்டாள். நாளைக்கு என்றார்.

"உன் சித்தப்பா என்ன சொன்னார்?"

"அவர் கிடக்கார். போட்டோ அனுப்பினேன். 'அண்ணனுக்குத் தண்ணித் தாகம், ஒரு சொம்பு நிறையக் கொடுங்க'ன்னார்."

வேறொரு நாளாக இருந்தால் குரலம்மா சிரித்திருப்பாள்.

"நீ எங்க வேணாலும் நில்லு," என்றாள் மெதுவாக. "கூரைமேல நில்லு, தண்ணிக்குள்ள நில்லு. நான் எங்கடி இருக்கேன் இதுல?"

பொடி படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"வீடு இருக்கு. விளக்கு இருக்கு. பொண்ணு இருக்கா. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ ஒரு மூலையில, ஒரு புள்ளியா... அந்த வெள்ளைதான்டி நான். எனக்குன்னு விட்ட இடம் அதுதான்."

"அம்மா, அப்படியெல்லாம் இல்ல."

"நீ மட்டும் உனக்கு வேண்டியபடி அர்த்தம் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?"

பொடி எழுந்தாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. "எனக்கு வேண்டியபடியா? எனக்கு வேண்டியது கப்பல்மா. அதை விடணும்னு நானே அர்த்தம் கண்டுபிடிப்பேனா?"

அடுத்த அறையிலிருந்து "நாளைக்கு" என்று குரல் வந்தது. இருவரும் ஒன்றாக ஓடினார்கள்.

*

பயிற்சி நிலையம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். வரிசையாக நாற்காலிகள், சுவரில் வாய் அசைவுப் படங்கள், மூலையில் கைப்பிடிக் கம்பிகள். பேச்சு டீச்சர் இளம்பெண். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் உயரத்துக்குக் குனிந்துவிட்டுத்தான் பேசுவாள்.

பொடி அப்பாவைச் சக்கர நாற்காலியோடு மேசைக்கு எதிரே நிறுத்தினாள். இடப்பக்கம் அவளுடைய வழக்கமான இடம். பென்சிலை எடுத்துக் கொடுக்க, வாயைத் துடைத்துவிட அதுதான் வசதி. குரலம்மாவின் இடம் வலப்பக்கம். உட்கார்ந்ததும் அவருடைய விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். கட்டிலருகே, ஜன்னலருகே, எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான். அது செத்த கை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

"அம்மா, நான் வெளிய போய் கப்பல் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்றாள் பொடி.

"என்னன்னு சொல்லப் போறே?"

"வரலைன்னுதான்." கண் கலங்குவதற்குள் திரும்பிக்கொண்டு போனாள்.

குரலம்மா தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

டீச்சர் ஒரு தாளை மேசையில் விரித்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் சிதறிக் கிடந்தன. "சார், இதுல இருக்கற ஒவ்வொரு கோட்டையும் அடிச்சுடுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது."

ஸ்கேலுக்கு இது பிடித்த வேலை போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக, சுத்தமாக, ஒரே சாய்வில் அடித்தார். முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்து, சரியா என்பது போல டீச்சரைப் பார்த்தார். அலுவலகத்தில் வேலை முடிந்தால் அப்படித்தான் வைப்பார், தாளின் விளிம்புக்கு இணையாக.

இடப்பக்கத்துக் கோடுகள் அத்தனையும் அடிபட்டிருந்தன. வலப்பக்கத்தில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து அவருக்கு வலப்பக்கமாக வந்து கையை அசைத்தாள். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தாள். அவர் முகம் மலர்ந்தது, புதிதாக யாரோ வந்த மாதிரி.

"மேடம், வீட்ல சாப்பிடறப்போ தட்டுல ஒரு பக்கத்தை மட்டும் விட்டுடறாரா?"

குரலம்மா விரல் நீவுவதை நிறுத்தினாள். "ஆமா."

"ஒரு பக்கம் ஷேவ் பண்ணிட்டு இன்னொரு பக்கத்தை?"

"அவருக்கு முடியலைன்னு... நானே பண்ணி விட்டுடுவேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா மூளை வலப்பக்கத்தை எடுத்துக்க மாட்டேங்குது. இருட்டுகூட இல்ல. இருட்டுன்னா தேடுவோம்ல? இவருக்கு அப்படி ஒரு பக்கம் இருக்குங்கறதே தெரியல. ஆஸ்பத்திரில சொல்லியிருப்பாங்களே?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் குரலம்மா. "உயிர் இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கு மேல எதுவும் என் காதுல விழல."

டீச்சர் அந்தப் படத்தை எடுத்தாள். குரலம்மா சுருட்டிக் கொண்டுவந்திருந்ததுதான். "இந்த வெள்ளை இடம் ஏன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன். இதுக்கு அர்த்தம் எதுவும் இல்ல மேடம். அவரைப் பொறுத்தவரை தாள் இங்கேயே முடிஞ்சு போச்சு. முழுத் தாளும் வரைஞ்சிட்டதாத்தான் நினைச்சிட்டிருக்கார்."

அர்த்தம் இல்லையாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் அவள் உருகி உருகி அழுத அந்த வெள்ளைக்கு ஓர் அர்த்தமும் இல்லையாம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் குரலம்மா தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். வலது கை. அதை நீவிக்கொண்டு தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"அப்படின்னா நான்?" என்றாள்.

டீச்சருக்குப் புரியவில்லை.

"நான் எப்பவும் இங்கதாம்மா உட்காருவேன். இந்தப் பக்கம்தான்."

டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தாள். பொய் சொல்ல மனமில்லாமல் சொன்னாள். "முழுசா பார்க்காமலே இருந்திருக்க மாட்டார் மேடம். நீங்க குறுக்க வருவீங்க, போவீங்க, அப்பப்போ பார்த்திருப்பார். பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தீங்களே, அந்த நேரமெல்லாம்தான்..."

"நான் இல்ல."

"குரல் கேட்டிருக்கும்."

உணர்ச்சியே இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாக அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். பழைய கதை எல்லாம் சொல்லியிருக்கிறாள். உங்களை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவருக்கோ மனைவி எங்கோ போய்விட்டாள். எங்கிருந்தோ குரல் மட்டும் வருகிறது.

அப்போதுதான் படத்தில் அந்தப் புனல் அவள் கண்ணில் பட்டது. வானத்தில் வாயைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும் புனல். நடைமேடைக் கூரையில் ஒலிபெருக்கி அப்படித்தான் தொங்கும்.

"இது... இது நானா இருக்குமாம்மா?"

"இருக்கலாம். பூவாவும் இருக்கலாம். நான் அர்த்தம் சொல்ல மாட்டேன் மேடம். நான் சொல்லிட்டா அப்புறம் நீங்க அதைத்தான் பார்ப்பீங்க." டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். "முதல்ல இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

குரலம்மா எழுந்தாள். நாற்காலியைச் சுற்றி வருவதற்கு நாலு எட்டுதான். கல்யாணப் பெண் மாதிரி நடுங்கிக்கொண்டு வந்தாள். மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, "ஏங்க," என்றாள்.

ஸ்கேல் திரும்பினார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தின் நல்ல பாதி முதலில் கோணிற்று. பிறகு, ஊர் திரும்பியவளை வண்டியிலிருந்து இறங்கியதும் பார்த்த மாதிரி, இடது கையால் அவள் கன்னத்தைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார், காதோரத்து நரையைத் தொட்டார். வாயைத் திறந்து திறந்து மூடினார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கத்தான் அந்தப் பாடு என்று அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு," என்றார். "நாளைக்கு... நாளைக்கு." தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்கயும் போகலைங்க. இங்கதான் இருந்தேன். உங்க பக்கத்துலதான் இருந்தேன்." அவளும் அழுதாள். அதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பும்படியாக அவர் எதையும் பார்த்திருக்கவில்லையே.

*

டீச்சர் இருவரையும் சற்று நேரம் தனியாக விட்டாள். திரும்பி வந்தபோது படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அவர்முன் வைத்தாள். வெள்ளைப் பாதி இப்போது இடப்பக்கம் வந்திருந்தது.

"சார், படம் இன்னும் முடியல. இங்க பாருங்க, இவ்வளவு இடம் இருக்கு."

ஸ்கேல் திடுக்கிட்டார். முடித்துக் கொடுத்த வரைபடத்தில் ஒரு தெருவே விட்டுப்போயிருக்கிறது என்று யாரோ காட்டிய மாதிரி இருந்தது அவர் முகம். அவசரமாகப் பென்சிலைத் தேடினார்.

"நீங்க கூட இருங்க மேடம். நான் அடுத்தவங்களைப் பார்த்துட்டு வந்துடறேன்."

பாதியில் நின்றிருந்த நூலின் முனையில் பென்சில் போய் உட்கார்ந்தது. குரலம்மா தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நூல் நகர்ந்தது. வெள்ளைக்குள் வளைந்து வளைந்து போயிற்று. நடுக்கமான கோடுதான், ஆனாலும் விட்டுப்போகவில்லை. அதன் கோடியில் அவர் ஒரு கையை வரைந்தார். கட்டை விரல் வரைந்தார். மற்ற விரல்களை விரித்து வரைந்தார். நூல் அந்த விரல்களுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் கொஞ்சம் வெளியே வந்து, காற்றில் நின்றது.

அவ்வளவுதான். பென்சிலைத் தாளின் விளிம்புக்கு இணையாக வைத்துவிட்டார்.

பிடித்திருக்கிற கையா, விட்டுவிட்ட கையா? விரல்களுக்கு நடுவில் நூல் இருக்கிறது. அதனால் பிடித்திருக்கிறது எனலாம். விரல் ஒன்றும் மடங்கவில்லை. அதனால் விட்டுவிட்டது எனலாம்.

"என்னங்க இது? பிடிச்சிருக்கீங்களா, விட்டுட்டீங்களா?"

"நாளைக்கு."

"பொடியைப் போகச் சொல்றீங்களா? இருக்கச் சொல்றீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு இடது கையை மூடிக்கொண்டு அவள் உள்ளங்கையின்மேல் கொண்டுவந்து வைத்தார். மெல்ல விரித்தார். உள்ளே எதுவும் இல்லை.

போகட்டும், விட்டுவிடு என்று காட்டினாரோ. என் கையைப் பிடித்துக்கொள் என்று கேட்டாரோ. எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷம் அவர் கோட்டைப் படித்தவள் அவள். அது எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயந்துபோனாள். இன்றைக்குத்தான் அவர் அவளைப் பார்த்திருக்கிறார். மகளும் போய்விட்டால், இந்த மனிதரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, விழுந்தால் எடுக்க, அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. குரலம்மா படத்தைச் சுருட்டிப் பைக்குள் செருகினாள். ஏன் செருகினோம் என்று யோசிக்கக்கூட இல்லை.

பொடி முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். "பேசிட்டேன்மா. அந்த அதிகாரி நல்ல மனுஷர். 'அவசரப்படாதம்மா, சாயங்காலம் வரைக்கும் யோசி, அதுவரைக்கும் உன் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்'னார்." பிறகுதான் அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாள். அப்பாவின் நனைந்த முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? அப்பா ஏன் அழுதிருக்கார்?"

தாளில் அடிபடாத கோடுகளைக் காட்டிக் குரலம்மா சொன்னாள். வலப்பக்கத்தைச் சொன்னாள், வெள்ளையைச் சொன்னாள். கேட்கக் கேட்கப் பொடியின் கை வாய்க்குப் போயிற்று.

"அப்போ அந்த நூல்? அது பாதியில நின்னது..."

"அதுக்கு மேல தாள் இருக்குன்னு அவருக்குத் தெரியலை. அவ்வளவுதான்."

"தாளைத் திருப்பிக் கொடுத்தா வரைவாராம்மா?"

"வரைஞ்சார்."

பொடி கிட்டத்தில் வந்தாள். அந்த நெட்டைப் பெண் அப்போது பெயருக்கேற்ற பொடியாகத் தெரிந்தாள். "என்ன வரைஞ்சார்? நூல் எங்கம்மா போகுது?"

"ஒரு கை."

"கை என்ன பண்ணுது?"

வண்டி தாமதம் என்று சொல்லிப் பழகிய குரல் அது. வண்டி ரத்து என்று, வழியனுப்ப வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்கச் சொல்லிப் பழகிய குரல். ஒரு நாளும் பிசிறியதில்லை.

"பிடிச்சிட்டிருக்குடி," என்றாள் குரலம்மா. இப்போதும் பிசிறவில்லை.

பொடி தலையாட்டினாள். "எனக்குத் தெரியும்மா. நான்தான் சொன்னேனே." அப்பாவின் முன்னால் மண்டியிட்டு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நான் எங்கயும் போகலப்பா. கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்ககூடவே இருக்கேன். சரியா?"

"நாளைக்கு," என்றார் ஸ்கேல். பிறகு வேகமாக, தலையை ஆட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, "நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு!"

"பார்த்தியாம்மா? எவ்வளவு சந்தோஷம் அவருக்கு!" பொடி அழுதுகொண்டே சிரித்தாள். கைபேசியை எடுத்து, சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்று நாலு வரி தட்டினாள். அனுப்பினாள்.

குரலம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பை தோளில் தொங்கியது. ஒரு சுருட்டின தாள் இவ்வளவு கனக்குமா?

வெளியே வெயில் தெருவெல்லாம் பரவியிருந்தது. பொடி சக்கர நாற்காலியைத் தள்ளினாள். குரலம்மா அவருடைய இடப்பக்கமாக, அவர் பார்க்கும்படியாக நடந்தாள். அவர் அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கண்களில் கேள்வி இருந்ததா, சந்தோஷம் இருந்ததா? அவளால் அதைத் தாங்க முடியவில்லை. தெருமுனை வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

பிறகு புடவையை மெதுவாக அவர் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் சுற்றி, அவருடைய வலப்பக்கத்துக்கு வந்து நடந்தாள்.

ஸ்கேல் இடப்பக்கம் திரும்பினார். முன்னால் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் திரும்பி, நாற்காலியின் கையைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தார்.

"யாரைப்பா தேடறீங்க?" என்றாள் பொடி.